வெளுத்த பல்லும் திராட்சை விதையும்

நம்ம ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடும் வீடுகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்றால் தெரியாதவர்கள் குறைவு. நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து கோந்து எடுத்த பிறகு, இளநிறம் வேண்டுமானால் பெராக்சைடில் வெளுப்பார்கள். வெளுத்த நூலை உடனே சாயத்தில் இறக்கக் கூடாது. "மிச்சம் இருந்தா சாயத்தைத் தின்னுடும்டா" என்பார் என் மாமா. நன்றாக அலசி, மிச்சத்தை முறித்துவிட்டு, அப்புறம்தான் சாயம்.

இதே பாடத்தை எங்கள் வீட்டில் பல்லில் படித்தோம். கல்யாணம் நிச்சயமானதும் அக்கா வெளியூரில் பல்லை வெளுத்துக்கொண்டாள். இரண்டே நாளில் முன்பல் ஓரத்து உடைசலையும் பல் நிறப் பிசின் வைத்து அடைத்தார்கள். முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்க, இட்லி சாப்பிடும்போது அது பெயர்ந்து வந்துவிட்டது! வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் அவசரம்தான் முதல் சந்தேகம்.

ஏன்? பல்லை வெளுப்பதும் அதே பெராக்சைடுதான். அது சிதையும்போது வரும் ஆக்சிஜன் கறையின் மூலக்கூறுகளை உடைக்கிறது. வேலை முடிந்த பிறகும் கொஞ்சம் ஆக்சிஜன் எனாமலின் நுண்துளைகளில் தங்கிவிடும். அடைக்கும் பிசின், நீல ஒளி பட்டதும் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகுகிற பொருள். நடுவில் ஆக்சிஜன் புகுந்தால் சங்கிலி அறுந்துபோகும். பிசின் பல்லுக்குள் சரியாக வேர் விடாது. சரி, அடைத்துவிட்டுப் பிறகு வெளுக்கலாமே என்றால், பிசின் பல்லைப் போல வெளுக்காது. இரண்டும் இரண்டு நிறமாக நிற்கும்.

ஆகவே ஒன்றிரண்டு வாரமாவது பொறுப்பதே வழக்கம். பொறுக்க முடியாதவர்களுக்காகத்தான் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைச் சோதித்தார்கள். 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வைட்டமின் சி-யின் உப்பான சோடியம் அஸ்கார்பேட் தடவியதும் வெளுத்த எனாமலில் ஒட்டும் வலு திரும்பியது. அடுத்து இயற்கைப் பொருள்கள். 2011-ல் சென்னை எஸ்.ஆர்.எம். பல் மருத்துவக் கல்லூரியினர் திராட்சை விதைச் சாற்றைச் சோதித்து, அது வெளுப்பின் கெடுதலை முழுதும் நீக்கி ஒட்டும் வலுவைக் கூட்டியதாக எழுதினார்கள். விதையிலுள்ள புரோஆந்தோசயனிடின் என்ற பொருளின் வேலை அது. பச்சைத் தேயிலைச் சாறும் பல ஆய்வுகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் எலுமிச்சம்பழத்தைப் பல்லில் தேய்த்துவிடாதீர்கள்! அதன் அமிலம் எனாமலையே அரிக்கும். அமிலத்தை விட்டு உப்பை எடுத்ததும் அதனால்தான். திராட்சை தின்றாலும் பலனில்லை. அளந்து கரைத்த சாற்றை மருத்துவர் பல்லின் மேல் சில நிமிடம் வைக்க வேண்டும். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களில் நடந்தவை. வாய்க்குள் எத்தனை வருஷம் தாங்கும் என்பது வேறு கேள்வி. அதனால் வெளுத்த தேதியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாள் இருந்தால் காத்திருங்கள்.

அக்காவுக்கு நாள் இல்லை. கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்துதான் மறுபடி அடைத்தார்கள். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள்.