தகவல் நின்றால் எச்சரிக்கை

மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டக் காரியாலயத்திலோ பாடசாலையிலோ கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் தனி ஆள். செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவு) போடும் நாளில் சேர்வர் நின்றுவிட்டால், பெரிய கிளாக்கர் தொலைபேசியில் கேட்கும்போதுதான் அவருக்கே தெரியவரும். அந்த அழைப்புக்கு முன்பே அவருக்குத் தெரிவிப்பதுதான் கண்காணிப்பு மென்பொருளின் வேலை.

இலவச மென்பொருள்களே போதும். நாகியோஸ், ஸபிக்ஸ் இரண்டும் இருபது வருடங்களுக்கு மேல் புழக்கத்தில் உள்ளவை. ஆனால் கற்க நாள் எடுக்கும். புதியவருக்கு அப்டைம் கூமா இலகு. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு அதை ஓடவிடலாம்.

முதலில் மூன்று இடங்களுக்கு நிமிடத்துக்கு ஒருமுறை பிங் (பதில் கேட்கும் சிறு தகவல்) அனுப்புங்கள்: உங்கள் ரவுட்டர், இணைய நிறுவனத்தின் முதல் முகவரி, வெளியுலகில் 8.8.8.8. ரவுட்டரே பதில் தராவிட்டால் கரண்டையும் வயரையும் பாருங்கள். ரவுட்டர் பதில் தந்து மற்ற இரண்டும் தராவிட்டால் இடையிலுள்ள லைனில் கோளாறு. மூன்றாவது மட்டும் பேசாவிட்டால் கோளாறு பெரும்பாலும் நிறுவனத்துக்குள்ளோ அதற்கு அப்பாலோதான். முறைப்பாடு செய்யும்போது இதைச் சொன்னால் பாதி நேரம் மிச்சம்.

ஒரு பிங் தவறியதும் எச்சரிக்கை அனுப்பச் சொல்லாதீர்கள். தொடர்ந்து மூன்று தவறட்டும். ஏப்ரல், ஒக்டோபர் பின்னேரங்களில் இடி மின்னலோடு லைன் விட்டு விட்டு வரும். ஒவ்வொன்றுக்கும் போன் அடித்தால் ஒரு வாரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மலையில் இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. லைன் விழுந்தால் எச்சரிக்கையும் அதே லைனில்தான் போக வேண்டும், போகாது. ஆகவே காவலை வெளியிலும் வையுங்கள். கொழும்பிலோ வாடகை சேர்வரிலோ இன்னொரு அப்டைம் கூமா இருக்கட்டும். காரியாலயக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதற்கு "இருக்கிறேன்" என்று தகவல் அனுப்பும். பதினைந்து நிமிடம் தகவல் வராவிட்டால் வெளியிலுள்ளது உங்கள் போனுக்கு அறிவிக்கும். கரண்ட் போனாலும், கணினி பழுதானாலும், கம்பி அறுந்தாலும் இந்த ஒரே ஏற்பாடு பிடித்துவிடும்.

பேக்கப்பையும் இப்படியே கவனிக்கலாம். 2023 ஆகஸ்டில் லங்கா அரசாங்க முகிலை (Lanka Government Cloud) ரான்சம்வேர் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. மூன்று மாதத்துக்கும் மேலான அந்த இடைவெளிதான் மனதை உறுத்துகிறது. பேக்கப் சரியாக முடிந்தால் மட்டும் தகவல் போகும்படி பேக்கப் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் கட்டளை சேருங்கள். காலை ஆறு மணிக்குள் அது வராவிட்டால் போன் அடிக்கட்டும். ஒரு பிரதியைக் கழற்றி வைக்கும் டிஸ்கில் எடுத்து, மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு செக்ரோல் கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.