கல்பாக்கத்தில் ஒத்திகை பார்த்த நீர்மூழ்கி

டீசலில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல், மின்கலங்களுக்கு மின்னேற்றுவதற்காகச் சில நாட்களுக்கொருமுறை நீர்மட்டத்துக்கு அருகே வந்து காற்றை இழுத்தாக வேண்டும். எதிரியிடம் அது அகப்படுவதும் பெரும்பாலும் அவ்வேளையில்தான். அணுவிசைக் கப்பலுக்கு இந்தத் தளை இல்லை. செறிவூட்டிய யுரேனியம், அதாவது எளிதில் பிளவுபடும் அணுக்களின் விகிதம் கூட்டப்பட்ட யுரேனியம், உலைக்குள் வெளிவிடும் வெப்பத்தை, கடும் அழுத்தத்தால் கொதிக்கவிடாமல் வைக்கப்பட்ட நீர் ஏந்திச் சென்று வேறொரு சுற்றிலுள்ள நீரை ஆவியாக்க, அந்த நீராவியே டர்பைனைச் சுழற்றிக் கப்பலைச் செலுத்துகிறது. இதில் எரிதல் இல்லாததால் காற்றும் தேவையில்லை. மாலுமிகளுக்கான ஆக்சிஜனும் நீரிலிருந்தே பிரித்தெடுக்கப்படுவதால், கப்பல் கரை திரும்ப நேர்வது பெரும்பாலும் உணவு தீரும்போதுதான்.

ஆவடியில் உருவாகும் டாங்கி பழுதானால் நிறுத்தி, திறந்து பார்க்கலாம்; கடலடியில் கோளாறு காட்டும் உலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே கப்பலுக்குள் அடங்கும்படி சுருக்கப்பட்ட உலையொன்று முதலில் கல்பாக்கத்தில் தரையிலேயே கட்டப்பட்டு, 2006-இல் முழுத் திறனை எட்டியது. சென்னைவாசிகள் சுற்றுலா செல்லும் மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே இயங்கிவந்த அந்த உலையைப் பற்றி 2009 ஆகஸ்டில்தான் அரசு வெளிப்படையாகப் பேசியது. அங்கே தேறிய நுட்பத்துடன் விசாகப்பட்டினத்தில் 2009 ஜூலை 26 அன்று நீரில் இறக்கப்பட்ட அரிஹந்த் என்னும் அணுவிசை நீர்மூழ்கி, 2016-இல் கடற்படையில் சேர்ந்தது.

ஆயினும் அரிஹந்த், அணு ஏவுகணைகளைச் சுமந்து மறைந்திருக்கும் கப்பல். தாக்குதல் நீர்மூழ்கியோ எதிரிக் கப்பல்களைத் தேடித் தொடர்வது; அதற்கு வேகமும் வேண்டும், அந்த வேகத்திலும் ஓசை எழாமை வேண்டும். இரண்டாவதே கடினம். உயர்வலிமை எஃகு வளையங்களை இணைத்து, ஒவ்வொரு பற்றவைப்பையும் ஊடுகதிரால் சோதித்துக் கட்டப்படும் உடலுக்குள், அதிர்வு வெளியேறாதபடி பம்புகளும் டர்பைன்களும் அதிர்வுதாங்கிகளின் மேல் பொருத்தப்படுகின்றன. சோனார் எனப்படும் ஒலியுணர் கருவியின் அலைகளை விழுங்க வெளிப்புறம் ரப்பர் ஓடுகளால் போர்த்தப்படுகிறது. பணியில் இருக்கும்போதும் கப்பல் கேட்குமே தவிர எளிதில் பேசாது: திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம், நீருக்குள் சில மீட்டர் ஊடுருவும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் கட்டளைகளை அனுப்புகிறது.

அணுவிசைத் தாக்குதல் நீர்மூழ்கியை இந்தியா இதுவரை குத்தகைக்கே பெற்றிருக்கிறது. சக்ரா என்ற பெயரில் ஒன்று 1988 முதல் 1991 வரையிலும், மற்றொன்று 2012 முதல் 2021 வரையிலும் பணியாற்றின. பின்னது, இந்தியாவுக்கு வருமுன் 2008-இல் நடந்த சோதனை ஓட்டத்தில், தீயணைப்பு வாயு தவறுதலாகப் பரவியதால் இருபது பேரைப் பலிகொண்ட கப்பல். குத்தகை ஓட்டக் கற்றுத்தந்தது, கட்டக் கற்றுத்தரவில்லை. உள்நாட்டிலேயே இரண்டு தாக்குதல் நீர்மூழ்கிகளைக் கட்ட 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் அளித்துள்ளது. விரைந்து துரத்த வேண்டிய இவற்றுக்கு அரிஹந்தின் உலை போதாது. அதனினும் வலிய புதிய உலை தேவைப்படுவதால், முதல் கப்பல் கடற்படையில் சேர இன்னும் பத்தாண்டுகளாவது ஆகும் என்றே கணிக்கப்படுகிறது.