தொடர்ந்து 151 வெற்றி: ஒரு சின்ன அட்டையை நம்பிய ஸ்கூல் டீம்!

ஸ்கூல் டீம் என்றதும் நம் மனதில் வரும் படம் இதுதான்: விசிலோடு கத்தும் கோச், அவர் சொன்னதைச் செய்யும் பசங்க, நல்லா ஆடுகிறவனுக்கு கேப்டன் பதவி.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், கான்கார்ட் நகரில் உள்ள டி லா சால் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி வேறு மாதிரி இயங்கியது. 1992 முதல் 2003 வரை 12 சீசன்களில் 151 ஆட்டங்கள் ஆடியது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதற்கு முன்பு பள்ளி அளவில் தேசிய சாதனை 72 தொடர் வெற்றிகள்தான். 2014-ல் இது 'வென் த கேம் ஸ்டாண்ட்ஸ் டால்' என்று ஹாலிவுட் படமாகவும் வந்தது.

யார் இந்த கோச்?

1979-ல் பாப் லடூசர் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 25. அதுவரை ஒரு சீசனில்கூட அந்த அணி, தோல்விகளைவிட அதிக வெற்றிகளைப் பார்த்ததில்லை. லடூசர் அதே பள்ளியில் சமயப் பாடம் எடுத்த ஆசிரியரும்கூட. மைதானத்தில் பார்க்கும் பசங்களைத்தான் வகுப்பிலும் பார்த்தார்.

அட்டையில் என்ன இருந்தது?

மேட்ச் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு. அதற்கு முந்தைய நாள் இரவு எல்லோரும் ஒரு வீரரின் வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு சின்ன அட்டையில் எழுதிய மூன்று வாக்குறுதிகளை வாசிப்பார்கள்:

• உடற்பயிற்சியில் என்ன செய்வேன்?
• பிராக்டிஸில் என்ன செய்வேன்?
• மேட்சில் என்ன செய்வேன்?

முக்கியமான விஷயம், இதை கோச்சிடம் வாசிப்பதில்லை. டீமில் இன்னொரு வீரரைப் பார்த்து வாசித்து, அட்டையை அவர் கையில் கொடுக்க வேண்டும். சொன்னதைச் செய்தாரா என்று பார்ப்பதும் அவர்தான். செய்யவில்லை என்றால் அதே நண்பனுக்குத்தான் பதில் சொல்லணும். கோச் திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு தப்பித்துவிடலாம். நண்பனிடம் அது கஷ்டம்.

இது எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தோடு ஓடுகிறவர்தான் கேமராவில் தெரிவார். அவருக்கு வழி கிடைக்க, எதிரணியை முட்டித் தடுக்கும் முன்வரிசை வீரர்களின் பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால், அவர்களில் ஒருவர் அசந்தால் அடி விழுவது பின்னால் வருகிறவருக்கு. கைதட்டல் கிடைக்காத வேலையை ஒருவர் முழு மனதோடு செய்ய, 'இவனுக்காக' என்று ஒரு முகம் தேவைப்படுகிறது. அந்த முகத்தைக் கொடுத்தது அட்டை.

நிர்வாகவியலில் இதற்கு 'உறவு சார்ந்த தலைமை' என்று பெயர். தலைமை என்பது ஒருவரின் பதவியில் இல்லை, ஆட்களுக்கு இடையிலான உறவில் உருவாகிறது என்பது இதன் அடிப்படை. விளையாட்டு உளவியலாளர் சோஃபியா ஜோவெட், கோச்-வீரர் உறவை நெருக்கம், பற்றுறுதி, ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்துச் செயல்படுவது என்று பிரித்துப் பார்க்கிறார். நெருக்கம் மட்டும் இருந்தால் அது வெறும் நட்பு. மூன்றும் சேர்ந்தால்தான் டீம்.

தோற்றபோது என்ன ஆனது?

2003 சீசன் முடிந்ததும் லடூசருக்கு மாரடைப்பு. 2004 ஆகஸ்டில், கல்லூரிக்குக் கிளம்பத் தயாராக இருந்த முன்னாள் வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, செப்டம்பர் 4 அன்று சியாட்டிலில் பெல்வியூ பள்ளியிடம் 39-20 என்று அணி தோற்றது. முந்தைய செட்கள் கட்டிக் காத்த சாதனை தங்கள் கையில் முடிந்தது என்ற பாரம், 17 வயதுப் பசங்க தலையில் விழுந்தது.

வெற்றி மட்டுமே அந்த டீமைக் கட்டி வைத்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. லடூசர் 2012 சீசன் வரை தொடர்ந்தார். அவருடைய மொத்தக் கணக்கு: 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா.

எல்லாமே உறவுதானா?

இல்லை. இது தனியார் பள்ளி. அரசுப் பள்ளிகளைப் போல குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்துதான் மாணவர்களைச் சேர்க்கணும் என்ற கட்டுப்பாடு இல்லை. சீசன் இல்லாத மாதங்களிலும் கடுமையான உடற்பயிற்சி உண்டு. அட்டையை மட்டும் காப்பி அடித்தால் 151 வராது.

ஆபத்தும் இருக்கிறது. 'நண்பனைக் கைவிடக் கூடாது' என்ற எண்ணமே, ஒரு பையனைக் காயத்தை மறைத்து ஆட வைக்கலாம். டீமில் யார் இருக்கணும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் கோச்சிடம் இருக்கும்போது, 'முடியல சார்' என்று சொல்வது எளிதல்ல. அப்படிச் சொல்லவும் இடம் இருந்தால்தான் அது நல்ல உறவு.

2013-ல் லடூசர் விலகியதும் பொறுப்புக்கு வந்தவர் ஜஸ்டின் அலம்பா. அதே அணியில் ஆடி, அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர்.

திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங்கில் 'எல்லாரும் நல்லா பண்ணுங்க' என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம். மேனேஜரிடம் சொல்வதற்குப் பதில், உங்கள் வேலைக்காகக் காத்திருக்கும் சக ஊழியரைப் பார்த்து, 'வெள்ளிக்குள்ள இதை உனக்கு முடிச்சுத் தர்றேன்' என்று சொல்லிப் பாருங்கள்.