விலையுயர்ந்த லென்ஸ் வேண்டுமா?

கையில் ஒரு காமிரா வந்து சேர்ந்த சில மாதங்களுக்குள் நம்மில் பலருக்கு ஒரு நோய் பிடித்துக்கொள்கிறது. எடுத்த படம் சரியாக வரவில்லையென்றால், குறை நம்மிடம் இருக்கும் என்று தோன்றுவதில்லை. லென்சிடம் இருக்கும் என்றே தோன்றுகிறது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்னும் பழமொழி இக்கலைக்கும் பொருந்தும். எனக்கும் அந்த நோய் வந்தது. அதற்கு மருந்தாக, என் தாயார் இரண்டாண்டுகளாகக் கட்டிவந்த சீட்டுப் பணத்தையே செலவிட இருந்தேன். அதிலிருந்து தப்பியது எப்படி என்று சொன்னால், பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். இரவு கட்டியங்காரன் களத்துக்கு வந்தால், ஆட்டம் முடிவதற்குள் விடிந்துவிடும். என்னிடம் இருந்தவை, பழைய டிஜிட்டல் காமிரா ஒன்றும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்சும்தாம். துகில் கூத்து நடந்த இரவில் நூறு படங்கள் எடுத்தேன். காலையில் பார்த்தால், துரியோதனனின் கிரீடமும் புஜகீர்த்தியும் வெறும் ஒளிக்கோடுகளாக இழுபட்டிருந்தன. முகம் எது, கை எது என்றே தெரியவில்லை. அந்த வேடம் கட்டியவர் அறுபது வயதைக் கடந்தவர். வேடத்தோடு எடுத்த நல்ல படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. "அடுத்த வருஷம் சலங்கை கட்டுவனோ என்னவோ, தம்பி, ஒரு படம் எடுத்துக் குடு" என்று கேட்டிருந்தார். அவரிடம் காட்ட ஒரு படமும் இல்லாமல் வெட்கப்பட்டுப் போனேன்.

தொழில்முறைக் கலைஞர்கள் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பகுதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் யோசனை கேட்டேன்.

"வாங்குறது இருக்கட்டும் தம்பி. கெட்டுப்போன படம் ஒவ்வொண்ணும் எதனால கெட்டுச்சுன்னு எழுதிக்கிட்டு வா" என்றார் அவர்.

நூறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். வெளிச்சம் போதாமல் இழுபட்டவை நாற்பது. நான் எங்கோ பின்னால் நின்றதால் உருவம் சிறுத்துப் போனவை இருபத்தைந்து. முன்னால் இருந்தவர் தலையோ, பின்னால் எரிந்த குழல்விளக்கோ கெடுத்தவை இருபது. மீதிப் பதினைந்தில் ஆட்டத்தின் தக்க தருணத்தைத் தவறவிட்டிருந்தேன். ஆக, அறுபது படங்களைக் கெடுத்தவன் நான். லென்சின் மீது குற்றம் சுமத்தத் தக்கவை நாற்பதுதான். அந்த நாற்பதுக்கும் விலையுயர்ந்த லென்ஸ்தான் மருந்தா என்பது அடுத்த கேள்வி.

இங்கே சிறிது இயற்பியல் தேவைப்படுகிறது. லென்சின் மீது எஃப் 1.8, எஃப் 5.6 என்று எண்கள் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குவியத் தொலைவை, ஒளி புகும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே அந்த எண். ஆகவே எண் சிறிதானால் துவாரம் பெரிது. என் லென்சை 55 மி.மீ.க்கு நீட்டினால் அதன் மிகப் பெரிய துவாரமே எஃப் 5.6 தான், விட்டம் 10 மி.மீ. கூட இல்லை. ஆனால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்சில் அது ஏறத்தாழ 28 மி.மீ. காமிராவுக்குள் விழும் ஒளியின் செறிவு இந்த எண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறத்தாழ 9.7 வரும். அதாவது, பத்து மடங்குக்குச் சற்றே குறைந்த ஒளி கூடுதலாகக் கிடைக்கும். 1/15 விநாடி திறந்திருக்க வேண்டிய ஷட்டர், 1/125 விநாடி திறந்தாலே போதும். ஆடும் கால் அந்த நேரத்துக்குள் அதிகம் நகர முடியாது.

இந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், லென்சுகளிலேயே மலிவான வகையைச் சேர்ந்தது என்பதுதான் வியப்பு. அதன் அமைப்பு புதிதன்று. 1896-இல் ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ப் வடிவமைத்த ஆறு வில்லைகள் கொண்ட 'பிளேனார்' வழியில் வந்தது. நன்கு பழகிப்போன அமைப்பாகவும், சிறிய கண்ணாடிகள் கொண்டதாகவும் இருப்பதால் குறைந்த செலவில் செய்ய முடிகிறது. கேனன் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட இவ்வகை லென்சிலும் ஆறே வில்லைகள்தாம். எடை ஏறத்தாழ 160 கிராம்.

அதே நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 50 மி.மீ. எஃப் 1.2 லென்சை இதனோடு ஒப்பிடுவோம். அதில் எட்டு வில்லைகள்; எடை 580 கிராம் அளவு; விலையோ ஏறத்தாழப் பத்து மடங்கு. கூடுதலாகக் கிடைக்கும் ஒளி எவ்வளவு? 1.8-ஐ 1.2-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 2.25. என் பழைய லென்சிலிருந்து எஃப் 1.8-க்கு மாறச் சிறு தொகை கொடுத்தால் பத்து மடங்கை நெருங்கும் ஒளி. அங்கிருந்து மேலே போகப் பத்து மடங்கு விலை கொடுத்தால் இரண்டேகால் மடங்கு ஒளி! பொருளியல் துறை நண்பர்கள் படிக்கும் குறைந்து செல் விளைவு விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா என்று தெரியவில்லை.

அப்படியானால் விலையுயர்ந்த லென்ஸ்கள் வெறும் ஏமாற்றா? இல்லவே இல்லை. துவாரம் பெரிதாகப் பெரிதாக, வில்லையின் ஓரங்களில் புகும் கதிர்கள் ஒரே புள்ளியில் குவிய மறுக்கின்றன. இதைத்தான் வகுப்பில் கோளப் பிறழ்ச்சி என்று படிக்கிறோம். நிறங்கள் வெவ்வேறு இடங்களில் குவிவது நிறப்பிறழ்ச்சி. இவற்றைத் திருத்தக் கோள வடிவம் அல்லாத வில்லைகளும், தனிவகைக் கண்ணாடிகளும் வேண்டும். தூசியும் மழைத் துளியும் புகாத கட்டமைப்பு வேறு. கொடுக்கும் பணம் இவற்றுக்கே போகிறது. ஆனால் இந்தச் சிறப்பெல்லாம் துவாரத்தை முழுவதும் திறந்து எடுக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். பகலில் எஃப் 8 வைத்து எடுத்த படத்தை இந்த மலரின் பக்க அளவில் அச்சிட்டால், எது எந்த லென்சில் எடுத்தது என்று பிரித்தறிவது கடினம்.

வேறு ஒன்றும் உண்டு. பெரிய துவாரம் தெளிவின் ஆழத்தைக் குறைத்துவிடும். என் காமிராவில் எஃப் 1.2 வைத்து இரண்டு மீட்டர் தொலைவில் உள்ளவரை எடுத்தால், தெளிவாக விழும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து நான்கு விரற்கடை அளவுதான். கண் தெளிந்தால் கிரீடம் மங்கும். கை பழகாதவனுக்கு அந்த லென்ஸ் புதிய தவறுகளையே கற்றுக்கொடுக்கும்.

தேவை அறிந்து வாங்குவோர் நிலை வேறு. 'பாரி லிண்டன்' (1975) திரைப்படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுக்க விரும்பிய இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், நாசாவுக்காக சைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 லென்சைத் தேடிப் பெற்றார். எந்தக் காட்சியை வேறு எந்த லென்சாலும் எடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபுறம், பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் (1908-2004) பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்சைக் கொண்டே உலகம் சுற்றிப் படம் எடுத்தார். அவருடைய லைக்கா காமிரா மலிவானதன்று. ஆயினும் அவர் லென்ஸ் மேல் லென்ஸ் சேர்த்துப் புகழ் பெறவில்லை.

ஸ்டூடியோ அண்ணன் தம்முடைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்சை ஓர் இரவுக்குக் கொடுத்தார். அன்று பதினெட்டாம் போர் கூத்து. இம்முறை பின்னால் நிற்காமல், பாயில் குழந்தைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். குழல்விளக்கு முதுகுக்குப் பின்னால் வருமாறு இடம் பார்த்துக்கொண்டேன். மிருதங்கத்தின் அடி முடியும் இடத்தில் துரியோதனன் சுழன்று வந்து ஒரு கணம் நிற்பதைக் கவனித்து, அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தேன். அன்று எடுத்தவை முப்பதே படங்கள். அவற்றுள் ஒன்று இப்போது அந்தப் பெரியவர் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதை எடுத்ததில் லென்சுக்குப் பங்கு உண்டு. பாய்க்கும் அதே அளவு பங்கு உண்டு.

ஆகவே என் முடிவு இது. திருமணம், விழா என்று படம் எடுத்துச் சம்பாதிப்பவர்கள் விலையுயர்ந்த லென்சைத் தாராளமாக வாங்கலாம். அது அவர்களுக்குக் கருவி, போட்ட பணத்தைத் திருப்பித் தரும். வேடந்தாங்கலில் பறவைகளை எடுக்க விரும்புவோருக்கு நீண்ட குவியத் தொலைவு வேண்டும். அதற்கு முன்வரிசைப் பாய் உதவாது. அவர்களும் முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. ஏனையோர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றோடு ஓராண்டாவது பழகட்டும். எந்த லென்சானாலும் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதை மறக்க வேண்டாம்.

நானும் பழைய எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் வாங்கிக்கொண்டேன். அம்மாவின் சீட்டுப் பணம் தங்கையின் கல்லூரிக் கட்டணமாயிற்று. நண்பர்களே, கடைக்குப் போகுமுன் உங்கள் கெட்டுப்போன படங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எத்தனை படங்களை அந்த லென்ஸ் காப்பாற்றியிருக்கும் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அதை வாங்கும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது.