குடுவுக்கு மருந்து உண்டு, கற்பிக்க வேண்டியது வைத்தியருக்கு

யுத்த காலத்தில் காயப்பட்டவர்களுக்கு மோர்பின் ஊசி போட்டதை எம்மில் பலர் கண்டிருக்கிறோம். எங்கள் பிள்ளைகளைப் பிடித்திருக்கும் 'குடு', அதாவது ஹெரோயின், அந்த மோர்பினிலிருந்தே செய்யப்படுவது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கிராமங்களில் நான் சந்திக்கும் தாய்மார், "அடிச்சும் பார்த்தம், நேர்த்தி வைச்சும் பார்த்தம்" என்கிறார்கள்.

சகோதரிகளே, இது வெறும் கெட்ட பழக்கமல்ல, நோய். குடுவை நிறுத்தினால் உடல் உளைவு, வாந்தி, வயிற்றோட்டம், நித்திரையின்மை வரும். சில நாட்களில் இவை அடங்கும், ஆசை அடங்காது. இடையில் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். மறியலிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ வந்தவர் பழைய அளவையே பாவித்தால் மூச்சு நின்றுவிடலாம். "விட்டுட்டான்" என்று நாம் ஆறுதலடையும் காலமே மிக ஆபத்தானது.

மெதடோன், புப்ரினோர்பின் என்னும் மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. "தங்கச்சி, அதுவும் இன்னொரு குடுதானே?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். இல்லை. சரியான அளவில் எடுத்தால் இவை வெறியைத் தருவதில்லை. உடல் வேதனையையும் ஆசையையும் அடக்கி, தொழிலுக்குப் போக வைக்கின்றன. நீரிழிவுக்காரர் இன்சுலின் போடுவது போன்றதே இது.

ஆனால் கொடுக்கத் தெரிய வேண்டும். உடலில் குடு இருக்கும்போதே புப்ரினோர்பின் கொடுத்தால் வேதனை திடீரெனக் கூடும். எப்போது தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது, நோயாளியை ஏசாமல் எப்படிப் பேசுவது என்பவற்றை மருத்துவ மாணவர்கள் படிக்கும் காலத்திலேயே பழக வேண்டும். பிரான்சில் 1995 முதல் சாதாரண வைத்தியர்களும் புப்ரினோர்பின் எழுதினர். 1999க்குள் அளவு மீறிய பாவனையால் நேர்ந்த மரணங்கள் ஐந்தில் நான்கு பங்களவு குறைந்தன. அமெரிக்காவில் இதற்கான விசேட அனுமதி முறை நீக்கப்பட்டு, 2023 முதல் இத்தகைய மருந்துகளை எழுதும் வைத்தியர்களுக்கு 8 மணி நேரப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் அரச நிலையங்களிலேயே புப்ரினோர்பின் வழங்கப்படுகிறது.

மட்டக்களப்பில் படித்து வெளியேறும் மருத்துவ மாணவர்களே நாளை எமது வைத்தியசாலைகளுக்கும் வருவார்கள். அவர்களுக்கு இப்பயிற்சி வேண்டுமென எமது மாதர் சங்கங்கள் கேட்க வேண்டும். 'ஐஸ்' வேறு வகைப் போதை, அதற்கு இம்மருந்துகள் உதவா.

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். பிள்ளை எழும்பாமல், மூச்சுத் திணறிக் கிடந்தால் பக்கவாட்டில் கிடத்தி, உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஏச்சுப் பேச்செல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் உயிர்.