கைப்பிடித்து நடத்துவோர்
மாற்றுத்திறனாளர் நலமும் பணிபுரிவோர் உரிமையும்

உமையாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சிக்காலம் கி.பி. 705 - 715) டமஸ்கஸ் நகரின் பெரும் பள்ளிவாசலை எழுப்பியவர் என்ற முறையில் பலராலும் அறியப்பட்டவர். அவர் ஆட்சியில் மேற்கொள்ளப்பட்ட மற்றொரு நடவடிக்கை அப்பள்ளிவாசலின் அளவுக்குப் பேசப்படுவதில்லை. தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை அளித்து, இனி மக்களிடம் கையேந்த வேண்டாம் என்று அவர் பணித்தார். நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளரையும், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்துள்ளார்.

இச்செய்தியில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பணம் கொடுப்பதோடு கடமை முடிந்ததாக அங்கே கருதப்படவில்லை. பார்வையற்றவருக்கு வேண்டுவது உணவு மட்டுமன்று. தெருவில் உடன் நடக்கும் ஒரு மனிதத் துணையும் வேண்டும். அத்துணையைத் தேடிக்கொள்வது அவர் குடும்பத்தின் பாடு என்று விடப்படாமல், அரசின் பொறுப்பாக்கப்பட்டது. மாற்றுத்திறனாளியின் உரிமையும் அவருக்குப் பணிபுரிபவரின் உரிமையும் பிரிக்க முடியாதவை. ஒன்றைப் புறக்கணித்தால் மற்றதும் நிலைக்காது. இவ்வுண்மையை நம் மரபிலிருந்தும், நம் கண்ணெதிரே நிகழ்ந்த ஒரு துயரத்திலிருந்தும், இன்றைய சட்டங்களிலிருந்தும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமமாக நடத்துதலும் நீதியாக நடத்துதலும்

அனைவருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பது சமம். அவரவர் நிலையறிந்து, அனைவரும் ஒரே இடத்தை அடையும் வண்ணம் கொடுப்பது நீதி. இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்னும் அன்சாரித் தோழர் தம் குலத்தாருக்குத் தொழுகை நடத்தி வந்தவர். அவருக்குப் பார்வை குன்றியது. மழை பெய்தால் அவர் வீட்டிற்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலிருந்த பள்ளத்தாக்கில் வெள்ளம் பாயும். கடந்து செல்ல அவரால் இயலாது. தம் வீட்டுக்கு வந்து தொழ வேண்டும், அவ்விடத்தைத் தாம் தொழுமிடமாக்கிக் கொள்வேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் அவர் வேண்டினார். நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் சென்றார்கள். வீட்டில் எவ்விடத்தில் தொழ விரும்புகிறீர் என்று அவரிடமே கேட்டு, அவர் காட்டிய இடத்தில் தொழுதார்கள். இந்நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. உதவி தேவைப்படுபவரைத் தேடிச் செல்லுதல், அவருக்கு எது ஏற்றது என்பதை அவரிடமே கேட்டல் ஆகிய இரண்டும் இதில் அடங்கியுள்ளன.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதே நெறியைச் சட்டமொழியில் கூறுகிறது. பிறருக்கான நலத்திட்டங்களில் கொடுக்கப்படும் தொகையைவிட, அவற்றை ஒத்த திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக வழங்க வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு விதிக்கிறது. இது சலுகையன்று. நடக்க இயலாதவர் அதே சந்தைக்குச் செல்ல ஆட்டோவுக்குக் கொடுக்கும் கட்டணத்தை நினைத்துப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும்.

பணியாளருக்குரிய பங்கு

தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஸகாத்தைப் பெறுதற்குரிய எட்டுப் பிரிவினரைக் குறிப்பிடுகிறது. ஏழைகள், வறியவர்கள் ஆகிய இரு பிரிவினரை அடுத்து மூன்றாவதாகக் கூறப்படுவோர் ஸகாத் பணியில் ஈடுபடும் ஊழியர்களாவர். எளியோருக்குச் செய்யும் பணி நற்பணிதான் என்றாலும், அதைச் செய்பவர் ஊதியமின்றி வருந்த வேண்டியதில்லை என்னும் பேருண்மை இதில் பொதிந்துள்ளது.

பிற்காலத்து வக்ஃபுகள் இந்நெறியைப் பின்பற்றின. மம்லூக் சுல்தான் மன்சூர் கலாவூன் 1284இல் கெய்ரோவில் நிறைவு செய்த மருத்துவமனை இதற்குத் தக்க சான்றாகும். செல்வர், வறியவர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி அங்கே நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். மருத்துவர்களுக்கு மட்டுமின்றி, நோயாளிகளின் படுக்கையையும் உடையையும் கவனித்த ஆண், பெண் பணியாளர்களுக்கும் வக்ஃப் வருவாயிலிருந்தே ஊதியம் ஒதுக்கப்பட்டது. பணிவிடை செய்பவர் மனநிறைவோடு இருந்தால்தான் பணிவிடை பெறுபவர் மரியாதையோடு நடத்தப்படுவார் என்பதை வக்ஃப் செய்தோர் உணர்ந்திருந்தனர் போலும்.

ஏர்வாடி உணர்த்தியது

இவ்வளவு பெரிய மரபுக்குரிய நாம், நம்மிடையே நிகழ்ந்ததையும் மறைக்காமல் பேச வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். ஒரு வாரத்திற்குள் அவ்வூரின் இத்தகைய காப்பகங்கள் அனைத்தையும் அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் இவ்வழக்கைத் தானாகவே முன்வந்து எடுத்துக்கொண்டது.

கொடுமை செய்தோரைக் கண்டிப்பது எளிது, கண்டிக்கவும் வேண்டும். ஆயினும் அக்காப்பகங்கள் ஏன் தோன்றின என்ற வினா எஞ்சி நிற்கிறது. தொலைவிலிருந்து நோயாளியை அழைத்து வந்த குடும்பங்களில் பல, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளின்றி, அருகில் மருத்துவமின்றி, கைப்பொருள் கரைந்து களைத்துப்போனவை. காப்பகங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் இல்லை, கண்காணிப்பும் இல்லை. பணியாளர் இருக்க வேண்டிய இடத்தில் சங்கிலி இருந்தது என்று கூறின் மிகையன்று. தன் பொருளைத் தானே நிர்வகிக்க இயலாதவருக்கும் உணவும் உடையும் அளித்து, அவரிடம் நயமாகப் பேசுமாறு நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அக்கட்டளையை நிறைவேற்றுவதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. ஆளும் பயிற்சியும் வேண்டும்.

குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்திலுள்ள மீரா தாதார் தர்காவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி இதற்கு ஒரு வழி காட்டியது. அங்கே முஜாவிர்களுக்கு மனநோயின் அறிகுறிகள் கற்பிக்கப்பட்டன. துஆவை நாடி வருவோரை அவர்களே மருத்துவரிடமும் அனுப்பி வைத்தனர். மருந்தும் துஆவும் என்னும் இம்முறை பின்னர் ஏர்வாடியிலும் மேற்கொள்ளப்பட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடை செய்துள்ளது.

சட்டம் தரும் துணைகள்

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. 1995இன் பழைய சட்டம் ஏற்றவை 7 மட்டுமே. பராமரிப்பாளர் யார் என்பதையும் புதிய சட்டம் வரையறுக்கிறது. ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிப்பவர் எவராயினும், பெற்றோரும் குடும்பத்தினரும் உட்பட, பராமரிப்பாளரே. படுக்கையிலிருக்கும் மகனை இருபது ஆண்டுகளாகக் குளிப்பாட்டி வரும் தாயின் உழைப்புக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்துள்ளது என்பது சிறிய செய்தியன்று. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கவும், பராமரிப்பில் குடும்பத்தினருக்குப் பயிற்சியளிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. ஆயின் நலத்திட்டங்கள் அரசின் பொருளாதார வரம்புக்கு உட்பட்டவை என்ற சொற்றொடரும் அதில் உண்டு. ஆகவே கேட்டுப் பெறுபவருக்கே அது பயனளிக்கும்.

இவையன்றி, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் சிறப்பாசிரியர் முதலான மறுவாழ்வுப் பணியாளர்களைப் பதிவு செய்கிறது. காப்பகத்தையோ சிறப்புப் பள்ளியையோ நாடுவோர் அப்பதிவைக் கேட்டறிவது நலம். 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பன்முகக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. தமக்குப் பின் இப்பிள்ளையின் கதி என்னவாகும் என்று வருந்தும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது.

நாம் செய்யக்கூடியவை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களில் ஒருவரேனும் இல்லாத மஹல்லா அரிது. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் எல்லையிலுள்ள மாற்றுத்திறனாளிகளோடு அவர்களைப் பராமரிப்போரின் விவரத்தையும் திரட்டலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறவும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் படித்த இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்கலாம். ஸகாத் பெறும் தகுதியுடைய மாற்றுத்திறனாளியின் கையில் அதனை ஒரே தடவை கொடுப்பதற்குப் பதிலாக, அவர் தமக்கொரு துணையாளரை அமர்த்திக்கொள்ளும் வகையில் மாதந்தோறும் கொடுப்பது பற்றி உலமாக்களின் வழிகாட்டுதலைப் பெறலாம். வாரத்தில் ஒரு நாள், சில மணி நேரம், பராமரிக்கும் தாய்க்கு மாற்றாக ஒருவர் வீட்டிலிருந்தால் அவர் ஒரு திருமணத்திற்கோ மருத்துவரிடமோ சென்று வர முடியும். பள்ளிவாசலில் சாய்தளம் அமைப்பது மிக நன்று. அச்சாய்தளம் வரை சக்கர நாற்காலியைத் தள்ளி வருபவர் யார் என்ற வினாவையும் உடன் கேட்டுக்கொள்வது அதனினும் நன்று.

பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் டமஸ்கஸில் பார்வையற்ற ஒருவரின் கையைப் பிடித்து நடந்த அந்த வழிகாட்டியின் பெயரை வரலாறு குறிக்கவில்லை. நம் தெருவில் அதே பணியைச் செய்பவரின் பெயரையேனும் நாம் அறிந்துகொள்வோமாக.