ஜடேஜாவை விற்றார்களா, மாற்றினார்களா?



சுவர்ப் பத்திரிகையில் நான் எழுதும் முதல் கட்டுரை இது. "பொம்பளப் புள்ளைக்கு கிரிக்கெட்ட பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கேட்கவும்.

2025 நவம்பர் 15-ம் தேதி, சனிக்கிழமை. எங்கள் வீட்டுத் தறியில் ஒரு கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. கோர்வை என்றால் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா வேண்டும், ரெண்டு ஆள் வேண்டும். சித்தப்பா நெய்ய, அந்தப் பக்கக் கரைக்கு நாடா போட அண்ணன் உட்காருவான். அவன் ஐ.டி.ஐ. படிக்கிறான், லீவு நாளிலும் சாயங்காலத்திலும் துணைக்கு உட்காருவான்.

அன்று செய்தியில் ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போகிறார், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார் என்று சொன்னார்கள். சித்தப்பா நாடாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வித்துட்டாங்கடா! 2023 பைனல்ல ரெண்டு பந்துல பத்து ரன் வேணும்னப்ப ஒரு சிக்ஸ், ஒரு போர் அடிச்சு கப் வாங்கிக் குடுத்தவன வித்துட்டாங்க!"

"அவருக்கு 37 வயசு ஆவப் போவுது சித்தப்பா. சஞ்சுவுக்கு 31தான். தோனிக்கு அப்புறம் கீப்பர் வேணாமா?"

இப்படி ஆரம்பித்தது, கடைசியில் "நீ உண்மையான சி.எஸ்.கே. ரசிகனே இல்ல" என்பதில் போய் முடிந்தது. நான்கு நாள் ரெண்டு பேரும் பேசவில்லை. கோர்வைத் தறியில் பேசாமல் நெய்ய முடியுமா? கரையில் ஒரு இடம் பிசகிவிட்டது. அதைப் பிரித்து நெய்ய அரை நாள் போனது. கூலியில் பிடிப்பார்களோ என்று அம்மா பயந்துபோனாள். அப்போதுதான், இது என்ன விஷயம் என்று முழுசாகத் தெரிந்துகொள்ள நினைத்தேன்.

டிரேட் என்றால் என்ன?

ஒரு ஐ.பி.எல். அணியில் 25 பேர் வரை இருக்கலாம். அதில் வெளிநாட்டுக்காரர்கள் 8 பேருக்கு மேல் கூடாது. 2025 போட்டிக்கான ஏலத்தில் ஒரு அணிக்கு மொத்தம் 120 கோடி ரூபாய்தான் அனுமதி. ஜடேஜாவுக்கு மட்டும் 18 கோடி. நூறு ரூபாயில் 15 ரூபாய் ஒருவருக்கே போனால் மீதியில்தான் மற்றவர்களை வாங்க வேண்டும். அதனால்தான் அணிக்காரர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

ஏலம் இல்லாமல் ரெண்டு அணிகள் தங்களுக்குள் பேசி வீரரை மாற்றிக்கொள்வதுதான் டிரேட். ஆளுக்கு ஆள் மாற்றலாம், பணம் கொடுத்தும் வாங்கலாம். இந்த மாற்றத்தில் சாம்சன் 18 கோடிக்குச் சென்னைக்கு வந்தார். ஜடேஜா 14 கோடிக்கும், இங்கிலாந்தின் சாம் கரன் 2.4 கோடிக்கும் ராஜஸ்தான் போனார்கள்.

நான் பிறந்த 2012-ல்தான் ஜடேஜா சென்னை அணிக்கு வந்தார். ஆனால் 2008-ல் அவர் முதன்முதலில் ஆடியது ராஜஸ்தானுக்குத்தான். அந்த வருஷம் அவர்கள்தான் கோப்பை வாங்கினார்கள். ஆக, புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றும் சொல்லலாம்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. வீரர் சம்மதிக்காமல் அவரை மாற்ற முடியாது. அதே சமயம் அவர் இஷ்டத்துக்கு வேறு அணியோடு பேசவும் கூடாது. இதே ஜடேஜா 2010-ல் விதியை மீறி வேறு அணியில் சேர முயன்றதற்காக அந்த வருஷம் முழுக்க ஆட முடியாமல் தடை வாங்கினார். சண்டை போட்ட ரெண்டு பேருக்கும் இந்த விதி தெரியாது!

தோனி எப்போது விடுவார்?

இது அதைவிடப் பெரிய சண்டை. டீக்கடையிலும் சரி, சைக்கிள் ஸ்டாண்டிலும் சரி, இதே பேச்சுதான்.

தோனி 2008-ல் 15 லட்சம் டாலருக்கு ஏலம் போனார். முதல் ஏலத்தில் அதுதான் அதிக விலை. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார். 2022-ல் கேப்டன் பதவியை ஜடேஜாவிடம் கொடுத்தார்கள். எட்டு ஆட்டம் முடிந்ததும் அது தோனியிடமே திரும்பி வந்தது. 2024-ல் ருதுராஜ் கெய்க்வாட் கேப்டன் ஆனார். 2025-ல் அவருக்கு முழங்கையில் அடிபட, மறுபடியும் தோனி. அந்த வருஷம்தான் சென்னை முதல் முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. சேப்பாக்கத்தில் பெங்களூருவோடு ஆடியபோது தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். 16 பந்தில் 30 ரன் அடித்தார், ஆனால் 50 ரன்னில் தோற்றோம்.

"முன்னாடியே இறங்கியிருக்கணும்" என்றார் சித்தப்பா. "அப்படி இறங்க முடியலைன்னா இளையவங்களுக்கு இடம் விடணும்" என்றான் அண்ணன். எனக்கு ரெண்டுமே நியாயமாகத்தான் தெரிகிறது.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. அணியின் ஆட்டத்தை நடத்துபவர் அவர்தான், நம் கேப்டன் மாதிரி. டாம் பிராடி என்பவர் ஒரே அணியில் 20 வருஷம் ஆடி 6 முறை கோப்பை வாங்கினார். 2020-ல் வேறு அணிக்குப் போனார். வயசாகிவிட்டது என்று பேசினார்கள். 43 வயதில், 2021 பிப்ரவரியில் அங்கேயும் கோப்பை வாங்கினார்.

திட்டியவர்களே கைதட்டினார்கள்

2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு மாறினார். ரோகித் சர்மாவின் கேப்டன் பதவியை அவருக்குக் கொடுத்ததால் 2024-ல் மும்பை மைதானத்திலேயே கூட்டம் அவரைக் கேலி செய்து கத்தியது. அதே வருஷம் ஜூன் மாதம் டி20 உலகக் கோப்பையின் கடைசி ஓவரைப் போட்டு இந்தியாவை ஜெயிக்க வைத்தார். அதே மைதானத்தில் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்தார்கள். மாறியது அவர் இல்லை, நாம்தான்.

தாத்தா கேட்ட கேள்வி

நான்காம் நாள் ராத்திரி சாப்பிடும்போது தாத்தா கேட்டார்: "அந்தப் புள்ள சம்மதிச்சுத்தான போனான்?"

"விதிப்படி சம்மதம் இல்லாம மாத்த முடியாது தாத்தா" என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ கத்தல்? எங்க காலத்துல மொதலாளி தொழில விட்டப்ப, நான் வாங்கின முன்பணக் கணக்க இன்னொருத்தர்கிட்ட மாத்தி வுட்டாரு. காலைல எழுந்தா வேற மொதலாளி. என்ன ஒரு வார்த்த கேக்கல" என்றார்.

யாரும் பேசவில்லை. தாத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கண்ணு மங்குனப்ப நானே தறிய வுட்டு எழுந்தேன். எழுந்திருன்னு ஒருத்தனும் சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடியே உங்க சித்தப்பனுக்குக் கத்துக் குடுத்துட்டேன்."

மறுநாள் சாயங்காலம் சித்தப்பாவே அண்ணனைக் கூப்பிட்டார். "டேய், நாடாவப் போடு. சஞ்சு எப்படி ஆடறான்னு பாப்போம்." புடவை முடிந்தது. கூலியில் பிடிக்கவில்லை.

தோழர்களே, தோழிகளே! நமக்குப் பிடித்த வீரர் இருக்கணும் என்றோ போகணும் என்றோ பேச நமக்கு உரிமை உண்டு. ஆனால் அவரும் ஒரு மனுஷன். தறியை விட்டு எப்போது எழுந்திருப்பது, எந்தத் தறியில் உட்காருவது என்று அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தாத்தாவுக்குக் கிடைக்காதது அது.

உங்கள் கருத்தைப் பக்கத்தில் ஒட்டியுள்ள வெள்ளைத் தாளில் எழுதுங்கள். திட்டாமல் எழுதவும்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி